சேவைப் பேரன்

இடவப்பாதி மழை தொடங்கியதும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு மூன்று சரக்கு வந்து சேரும்: குடை, கொசுவலை, அமெரிக்கப் பேரன். முதல் இரண்டும் கிள்ளிப்பாலம் வழியாக லாரியில் வரும். மூன்றாவது விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கும். பெட்டியின் மேலடுக்கில் புத்தம்புதிய ஸ்டெதாஸ்கோப் இருக்கும்.

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சந்தையை ஏற்படுத்திய நாள்முதல் எடைபோட முடியாத சரக்கு இங்கே விலைபோனதில்லை. பேரன் தேடி வருவதும் எடைபோடக்கூடியதுதான். கருணை, மணிக்கணக்கில்.

எதிர்ச்சாரியில் மிளகாய்வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சியின் பேரன் சென்ற ஆண்டு வந்தான். அங்கே டாக்டருக்குப் படிக்கப் பட்டமும் எம்கேட் தேர்வும் மட்டும் போதாதாம். இதுவரை செய்த காரியங்களை 15 இனம்வரை விண்ணப்பத்தில் எழுதலாம். இனம் ஒன்றுக்கு 700 எழுத்து. எத்தனை மணிநேரம் என்பதும், விசாரித்தால் ஆமாம் சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

“எடவெளியும் அந்த 700-லதான் சேரும், தாத்தா.”

“சாக்கையும் சேத்து எடை போடுகானா? கள்ளப் பயலாக்கும்,” என்றார் அண்ணாச்சி. அவருக்கு அந்த விண்ணப்பத்தின்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ‘வெளிநாட்டுச் சேவை’ என்று எழுதப்போகிறானே, அது எந்த நாடு?

“இதுதான், தாத்தா.”

“இதா? ஒங்கப்பன் இந்தச் சாக்குமேல கெடந்து ஒறங்கி வளந்தவன்லா, மக்கா!”

பாத்திரக்கடையில் உட்கார்ந்துகொண்டே இந்தத் தெருவின் மனிதர்களைக் கதைக்குள் பிடித்துப்போட்டவர் ஆ. மாதவன். இவனை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் எவர்சில்வர் விற்கிறவன். என் அளவுக்குத்தான் வரும்.

பையன் நல்லவன். கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிப்பான், எல்லாருக்கும் தாங்க்ஸ் சொல்வான். சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். சொந்தக்கார டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ஓரமாக நின்றால் நாலு மணி ஏறும். மாடியில் அத்தை மகள் நீட்டுக்குப் படிக்கிறாள். பாட்டிக்கு இரண்டு வருஷமாக இன்சுலின் போடுகிறவள் அவள்தான். 720 மார்க்கில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. 180 கேள்வியிலும் பாட்டி வரமாட்டாள். அவள் ஊசி போடுவதைப் பேரன் பக்கத்தில் நின்று பார்த்தான். நோட்டில் அரைமணி ஏறியது.

“சும்மா பாத்துட்டு நின்னதுக்கா?” என்று அவள் கேட்டாள்.

“இதுக்குப் பேரு ஷேடோயிங். நிழல் மாதிரி டாக்டர் பின்னாலேயே போறது.”

கீழே பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். “அதுக்கு நம்ம ஊருல வேற பேரு உண்டு. நோக்குகூலி!”

கேரளத்தில் கடை வைத்தவனுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். நம் சரக்கை நாமே இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்ற சுமட்டுத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி அது. அண்ணாச்சி வாழ்நாளெல்லாம் அழுதிருக்கிறார். 2018 மே 1 முதல் அரசு அதை நிறுத்தியது, அதுவும் தொழிலாளர் தினத்தில். “இங்க நிறுத்தினது அங்க போயில்லா குடியேறியிருக்கு!”

பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்கிற இடம் அப்படிக் கேட்கிறது. பயிற்சி இல்லாத மாணவன் ஏழை நாட்டுக்குப் போய் நோயாளிமேல் கைவைக்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே எச்சரித்திருக்கிறது. தையல் போட்டேன், பல் பிடுங்கினேன் என்று எழுதினால் வெட்டு விழும். பார்ப்பதுதான் பத்திரம்.

அடுத்து பாலியேட்டிவ், தீராத நோயில் கிடப்பவர்களைப் பராமரிக்கிற வேலை. 2008-இல் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம் இது, இந்தியாவில் முதலாவது. வார்டுக்கு வார்டு வீடு தேடிப் போகிற தொண்டர்கள் உண்டு. ஓர் ஆட்டோக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், இவர்களோடு பேரனும் போனான். போகிற வழியில் டீச்சரிடம் இதுவரை எத்தனை மணிநேரம் என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணி, வெள்ளிக்கிழமை தோறும், பன்னிரண்டு வருஷம் என்றார். பேரன் போனில் பெருக்கிப் பார்த்துத் திகைத்துப்போனான்.

“இதை வெச்சு மூணு பேர் டாக்டராகலாம், ஆன்ட்டி!”

டீச்சர் அவன் கையில் வாளியைக் கொடுத்தார். படுக்கையில் கிடந்த பெரியவர் முக்கால்மணி நேரம் அவன் கையை விடவில்லை. சம்பளம் எவ்வளவு, பெண் பார்த்தாகிவிட்டதா என்று விசாரணை. அத்தனையையும் 700 எழுத்துக்குள் அடக்க அவன் இரவெல்லாம் உட்கார்ந்தான். பெரியவரின் இருமலை வெட்டினான். ஆட்டோவை வெட்டினான். காலையில் பார்த்தால் இன்னும் 43 எழுத்து கூடுதல்.

“டீச்சரை எடுத்திரு,” என்றாள் அத்தை மகள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அண்ணாச்சி சாட்சிப் பொறுப்பை ஏற்கத் தயாராக இருந்தார். ஆனால் வற்றல் பொறுக்கித் தும்மிய மூன்று மணிநேரத்தை ஏன் எழுதவில்லை என்று ஒரு கேள்வி. அது குடும்பத் தொழில், சேவையில் வராது என்றான் பேரன். “கண்ணு எரிஞ்சதுக்குக் கணக்கில்ல, நோக்கினதுக்குக் கணக்கா?”

அந்த நேரம் பார்த்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டினார். குதிகாலில் வெடிப்பு, சீழ் கட்டியிருந்தது.

“டாக்டர் மோனே, இதொண்ணு பாத்துச் சொல்லு.”

பேரன் ஓரடி பின்னால் நகர்ந்தான். “நான் டாக்டர் இல்ல, அங்கிள். தொடக் கூடாது. பாக்கத்தான் முடியும்.”

“நல்லா நோக்கிக்கோ. கூலி மாத்திரம் கேக்காதே.”