ஒரு லட்சம் பேர் வந்தால்?

“கடை திறந்தாச்சோ தம்பி?” என்று மட்டும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவரிடம் கேட்டுவிடக்கூடாது. கேட்டால் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டுவிட்டு விளக்கத் தொடங்குவார். சாவகச்சேரிச் சந்தைக்கு வெளிக்கிட்ட மனுசன் வெறும் பையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இணையத்தில் கடை போடுகிறார். பலாப்பழம், கறுத்தக்கொழும்பான், மட்டுவில் கத்தரிக்காய், ஒடியல், மிளகாய்த்தூள் என்று தென்மராட்சியில் விளைவது, இடிப்பது எல்லாம் அதில் விற்குமாம். முன்பக்கம் ரியாக்ட், பின்பக்கம் நோட் ஜேஎஸ், சாமான் கணக்கு மொங்கோ டிபியில். அத்தனையும் இவர் ஒருவரே எழுதியது. கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. எனக்குச் சலித்துப்போனது அவருடைய ஒரேயொரு வசனம்.

“அண்ணை, ஒரே நேரத்தில ஒரு லட்சம் பேர் வந்தா என்ன செய்யிறது?”

தென்மராட்சி முழுவதையும் கைக்குழந்தைகளோடு சேர்த்து எண்ணினாலும் ஒரு லட்சம் தேறாது. அதைச் சொன்னால், “கனடா, லண்டன், சுவிஸ் ஆக்களை விட்டிட்டியள்” என்பார். சரி, அவர்களும் வரட்டும். எல்லாரும் ஒரே விநாடியில் ஒடியல் வாங்க ஏன் வருவினம்? அதற்குப் பதில் இல்லை. “வந்தா?” என்று திரும்பவும் கேட்பார்.

அந்த லட்சத்துக்காக அவர் படும் பாடு! ஒரு சேர்வர் தாங்காது என்று மூன்று. வரும் சனத்தை மூன்றுக்கும் பிரித்துவிட முன்னால் இன்னொன்று. சிங்கப்பூரில் இருப்பது விழுந்தால் மும்பாயில் இருப்பது எழும்ப வேண்டும். போன மாரியில் எல்லாம் முடிந்தது என்றார். நானும் நம்பினேன். பிறகு, ஒரே நிரலாக எழுதியது தாங்காது என்று எட்டுத் துண்டாக்கினார்: கூடைக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று. இப்போது ஒரு துண்டு படுத்தால் எந்தத் துண்டு படுத்தது என்று மற்ற ஏழுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. அதைத் தேடுவதற்குள் மாம்பழக் காலம் போய்விட்டது.

1995இல் அமேசன் விற்பனை தொடங்கிய புதிதில், ஓடர் ஒன்று வரும்போதெல்லாம் கந்தோரில் மணி அடிக்குமாம். அடிக்கடி அடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்களாம். எனக்கு இந்தக் கதையைச் சொன்னதே இவர்தான். இவருடைய கடையிலோ, மணியை நிறுத்துவதற்கான ஏற்பாடுதான் முதலில் நடக்கிறது.

ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அன்ரியிடம் போனைக் காட்டினார். படம் வழுக்கிக்கொண்டு வந்தது, பொத்தான் மினுங்கியது. அன்ரி கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டா. “காலமை முந்நூறு, மத்தியானம் இருநூறு. உதில விலையை நான் எப்பிடித் தம்பி மாத்திறது?”

“அது அடுத்த கட்டத்தில வரும் அன்ரி. இப்போதைக்கு எனக்குச் சொல்லுங்கோ, டேட்டாபேசில மாத்திவிடுறன்.”

அன்ரி அடுத்த ஆளுக்கு நிறுக்கத் திரும்பிவிட்டா.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். வாங்க வரும் ஒரு லட்சம் பேருக்கும் இடமிருக்கிறது, விற்கிற மனுசிக்கு ஒரு பக்கம்கூட இல்லை. கடைசிப் பலாப்பழத்தை இரண்டு பேர் ஒன்றாக அமர்த்தினால் யாருக்குக் கொடுப்பது என்பதை நிரல் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சிக்கல் வர லட்சம் பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். அதை அவர் எழுதவில்லை. வாங்குபவர்களிடம் வங்கி அட்டையால் காசு எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வியாபாரப் பதிவு கேட்பார்கள். சிங்கப்பூரிலும் மும்பாயிலும் சேர்வர் பிடித்தவர், இங்கிருக்கிற பிரதேச செயலகத்தின் படி இன்னும் ஏறவில்லை.

ஆனால் ஊரில் எந்தப் பிள்ளைக்கு ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் இவர் வீட்டுப் படலைதான். இரவு பதினொரு மணிக்கும் திறப்பார், ஒரு சதம் வாங்கமாட்டார். இவரைத் திட்டிவிட்டு வந்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அன்ரியின் மகள் இப்போது வைபரில் கத்தரிக்காய்ப் படம் போட்டு, பக்கத்தில் விலையை எழுதிவிடுகிறாள். மத்தியானம் விலையை மாற்றி இன்னொரு தடவை போடுகிறாள். பத்துமணிக்கு முன்பே பாதி போய்விடுகிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தம்பி இருந்தால், லட்சம் பேர் ஆறுதலாக வரட்டும், அந்த விலை மாத்திற பக்கத்தை முதலில் செய்து முடிக்கச் சொல்லுங்கோ.