வாயசைப்புத் திருவிழா

2015 வாக்கில் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் திடீரென்று நடிப்பு வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் அதிர்ந்து பேசாத ஒரு தம்பி, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் நின்று செல்போனைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து வடிவேலு பேசினார்; வெளியே இவன் வாயசைத்தான்.

"என்னப்பா பண்ற?"

"டப்ஸ்மாஷ் சார். நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. கவுண்டமணி வாய்ஸ் உங்களுக்கு நல்லா செட் ஆகும்."

அது பாராட்டுதானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டப்ஸ்மாஷ் பெர்லின்காரர்களின் சரக்கு. 2014 நவம்பரில் வந்தது. பத்து விநாடிக்குள் ஒரு ஒலித்துண்டு, அதற்கு நம் முகம், அவ்வளவுதான் சோலி. ஜெர்மானியர்கள் யாரை மனதில் வைத்துச் செய்தார்களோ தெரியாது, தமிழ்நாட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நம்மிடம் வசனத்துக்கா பஞ்சம்?

வெளிநாட்டில் இதற்கு மூத்தவர்கள் உண்டு. 2004 டிசம்பரில், யூடியூப் பிறப்பதற்கு முன்பே, நியூ ஜெர்சியின் கேரி ப்ரோல்ஸ்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ருமேனிய மொழிப் பாட்டுக்குக் கையை ஆட்டி வாயசைத்து உலகப் புகழ் பெற்றார். அடுத்த வருடம் சீனாவின் குவாங்சோவில் இரண்டு கலைக் கல்லூரி மாணவர்கள், விடுதி அறையில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாட்டுக்கு உருகினார்கள். அவர்களுக்குப் பின்னால், இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் முதுகைக் காட்டிக் கம்ப்யூட்டரில் மூழ்கியிருக்கும் அறைத்தோழர்தான் எனக்குப் பிடித்த பாத்திரம்.

ஆனால் இவர்களை முன்னோடிகள் என்று சொன்னால் எங்கள் பெரியப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். 1984-ல் 'விதி' படம் வந்தது. அதன் கோர்ட்டு வசனம் கேசட்டில் வந்து, கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, டீக்கடை என்று ஒரு குழாயை விடவில்லை. பாட்டுக்குப் பதிலாக வசனத்தைப் போடச் சொல்லி ரேடியோ செட்காரரிடம் சண்டை பிடித்தவர்கள் உண்டு. பெரியப்பாவுக்கு முழுக் கேசட்டும் மனப்பாடம். பந்தலின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வக்கீலாக வந்த சுஜாதாவின் வாதத்தைக் குழாய்க்கு ஒரு எழுத்துப் பிசகாமல் வாயசைப்பார். அவர் மீசைக்கும் அந்தக் குரலுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் யாரும் சிரித்ததில்லை. பக்கத்தில் நின்றவர்களும் வாயசைத்துக்கொண்டிருந்தார்களே, எப்படிச் சிரிப்பது? அதற்கும் முந்தைய தலைமுறை 'திருவிளையாடல்' தருமிக்கு இதையே செய்தது. கேமரா ஒன்றுதான் பாக்கி.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை டேட்டாவை ரேஷன் மண்ணெண்ணெய்போல அளந்து செலவழித்த ஊர், ஓசியில் கிடைத்ததும் திறந்துவிட்டது. மியூசிக்கலி வந்தது, 2018 ஆகஸ்டில் அது டிக்டாக்கோடு கலந்தது. களையெடுக்கும் அக்கா, ஆட்டோ ஓட்டும் அண்ணன், பொக்கைவாய்ப் பாட்டி எல்லாரும் வந்தார்கள். திரை இரண்டாகப் பிளந்து, இடப்பக்கம் திருப்பூர்க்காரர் காதலிக்க, வலப்பக்கம் அவர் பார்த்தேயிராத தேனிக்காரி வெட்கப்பட்டாள்.

அப்போதுதான் பண்பாட்டுக்கு ஆபத்து வந்தது. ஏசி அறையில் டப்ஸ்மாஷ் செய்தபோது 'செம டேலண்ட்' என்ற அதே வாய்கள், வரப்பில் நின்று செய்ததும் 'சமூகச் சீரழிவு' என்றன. ஓடும் ரயிலோடு விளையாடிய அசட்டுத்தனங்களும் குழந்தைகளைப் பற்றிய கவலையும் உண்மைதான். ஆனால் பலருக்கு உறுத்தியது அதுவல்ல. யார் ஆடுகிறார்கள் என்பதே. 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் டிக்டாக் பற்றிப் பேச்சு எழுந்தது. ஏப்ரல் 3-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்கச் சொன்னது. 24-ஆம் தேதி அந்தத் தடையை நீக்கியது. இடைப்பட்ட நாட்களில், செயலியை ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். "காலம் கெட்டுப்போச்சு, கண்டவன் வசனத்துக்கு வாயசைக்கிறான்" என்று பெரியப்பா திண்ணையில் தீர்ப்பு வழங்கியதும் அந்த நாட்களில்தான்.

சட்டமன்றத்தாலும் கோர்ட்டாலும் ஆகாததை எல்லைச் சண்டை முடித்துவைத்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை. பத்து நாள்கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்து இறங்கியது. அதே பாட்டு, அதே இடுப்பு. ஆனால் சீரழிவு என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது அதற்கு 'கன்டென்ட்' என்று பெயர்.

போன வருடம் பேத்தி போனை நீட்டியதும், பெரியப்பா துண்டை வக்கீல் கவுன்போல் போட்டுக்கொண்டு பழைய வாதத்தை ஒரே டேக்கில் முடித்தார்.

"டிக்டாக்கைத் திட்டுவீங்களே?" என்றேன்.

"இது டிக்டாக் இல்லடா, ரீல்ஸ்" என்றார், சட்ட நுணுக்கம் தெரிந்தவராக.

டப்ஸ்மாஷை ரெடிட் நிறுவனம் வாங்கி, 2022 பிப்ரவரியில் இழுத்து மூடியது. ஒரு இரங்கல் ரீல்ஸ்கூட என் கண்ணில் படவில்லை.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் மாலை மாற்றுவதே மூன்றாவது டேக்கில்தான் ஓகே ஆகிறது. தாலி கட்டும்போது முன்வரிசைக்குத் தெரிவது கேமராக்காரர்களின் முதுகுகள்தான். அதுகூடப் பரவாயில்லை. ரீல்ஸ் எடுக்கும் புண்ணியவான்களுக்கும் புண்ணியவதிகளுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம்: மேடையை எடுத்துக்கொள்ளுங்கள், மணவறையை எடுத்துக்கொள்ளுங்கள், பந்திக்குப் போகும் வாசலை மட்டும் மறிக்காதீர்கள். உள்ளே இலை போட்டாயிற்று.