நரி, பரி, திண்மக்கழிவு

மாநகர சபை அள்ளிய குப்பை மாநகர சபையின் சொத்து. இது என் கிண்டல் இல்லை. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. தெருக்குப்பை, வீட்டுக்குப்பை, மலம் உட்பட அள்ளியதெல்லாம் சபைக்கே உரியது; அதை விற்கவும் சபைக்கு முழு அதிகாரம் உண்டு. பிரதேச சபைகளுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே சீதனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அள்ளினால்தான் சொத்து. அள்ளாமல் விட்டதற்கு உரித்தாளி கிடையாது, கணக்காய்வு கிடையாது, பொறுப்பும் கிடையாது. நாடு முழுவதும் நாளொன்றுக்குச் சேரும் குப்பை ஏறத்தாழ 7,000 தொன் என்கிறார்கள். அதில் பாதி லொறி ஏறினாலே பெரிய காரியம். மற்றப் பாதி அநாதை. அள்ளுவதே சபையின் கடமை என்று சொல்லும் 129ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் யாரோ கிழித்து வடை சுற்றிவிட்டார்கள் போலும்.

அந்த அநாதைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வரலாம். வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். மீன்பாடும் தேன்நாடு என்று வாசலில் வளைவு கட்டி வரவேற்போம். உள்ளே வந்தால் கண்ணாப் பற்றைகளில் சொப்பிங் பைகள் காய்த்துத் தொங்கும். இறாலுக்கு அத்தாங்கு இழுக்கிறவனுக்கு முதலில் வருவது பம்பர்ஸ். அப்புறம் ரிஜிபோம் பெட்டி. அதிர்ஷ்டம் இருந்தால் இறால்.

ஆழமில்லாத கரைகளில் இன்னொரு கைத்தொழில் நடக்கிறது. முதலில் இரவில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி குப்பை விழும். யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு இருபது பெட்டி. அதன்மேல் கட்டிட உடைசல், அதன்மேல் கிரவல். ஒரு மழைக்காலம் போனபின் நாலு கொங்கிறீட் தூண், முட்கம்பி. அடுத்த தேர்தலுக்கு முன் மின்சாரம் வரும், தேர்தலுக்குப் பின் பெர்மிட் வரும். வாவி அந்த இடத்தில் இருபது முழம் பின்வாங்கியிருக்கும். மீள்சுழற்சி இந்த நாட்டில் தோற்றுவிட்டது என்று யார் சொன்னது? குப்பையைக் காணியாக்கும் இந்தத் திட்டம் எந்த வெளிநாட்டு நிதியும் இல்லாமல், எந்தச் செயலமர்வும் இல்லாமல், பல ஆண்டுகளாக வெற்றிநடை போடுகிறது.

அரசாங்கத் திட்டங்களின் கதை வேறு. அதற்கு மதுரைக்குப் போகவேண்டும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார். அரசன் கேட்டபோது, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. பாண்டியன் பார்த்தான், மகிழ்ந்தான், இலாயத்தில் கட்டினான். இரவில் பரிகள் மறுபடி நரிகளாகி, முன்பே அங்கு நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

எங்கள் ஊரிலும் ஒரு திருப்பெருந்துறை இருக்கிறது. அங்கே கோயிலுக்குப் பதிலாக மாநகர சபை குப்பைமேடு வளர்த்தது. மேடு எரிந்தது, ஒருமுறை எரிந்து ஓய்ந்த மேடும் அல்ல. புகை வீட்டுக்குள் வந்தபோது சனங்கள் வீதிக்கு வந்தார்கள். இனி இங்கே கொட்டாதே என்றார்கள். நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். குப்பை ஏறாவூர்ப்பற்றுக்குப் பயணமானது, கொடுவாமடுவுக்கு. நகரத்தின் மூக்கு தப்பியது. காடும் வயலும் மாடுமாக இருப்பவர்களின் மூக்கு அகப்பட்டது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தீர்வு.

கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், ஐக்கிய நாடுகளின் திட்டச் சேவைகள் அலுவலகம் முன்னின்று ஒரு நிலநிரப்பு நிலையத்தை அமைத்துக் கொடுத்தது. அதை நான் பழிக்கமாட்டேன். முறையான நிலநிரப்பு என்றால் அடியில் நீர் கசியாத விரிப்பு, கசிவுநீரைச் சேர்க்கும் குழாய், அதைச் சுத்திகரிக்கும் குளம், கொட்டியதன்மேல் அன்றாடம் மண். பரிதான், நல்ல சாதிப் பரி. ஆனால் பரிக்குக் கொள்ளு வேண்டும். மண் மூட இயந்திரம், இயந்திரத்துக்கு டீசல், டீசலுக்குச் சபையில் காசு, எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டிலேயே பிரித்து வந்த கழிவு. உக்குவதையும் உக்காததையும் பம்பர்ஸையும் பற்றரியையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டினால், எந்தத் தேசத்துப் பொறியியலாளர் கட்டிய கிடங்கும் சில ஆண்டுகளில் வெறும் மேடுதான். கொடையாளர் நாடா வெட்டிப் படமெடுத்து விமானம் ஏறிய பிறகு இலாயத்தில் கொள்ளு வைப்பது யார் என்று எந்தத் திட்ட அறிக்கையின் எத்தனையாவது பக்கத்தில் எழுதியிருக்கிறது?

கொள்ளு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அறிய, தெற்கே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக்குப் போகலாம். சுற்றுவட்ட ஊர்களின் குப்பை அங்கே 2008 முதல் போகிறது. யானை வராமலிருக்க மின்வேலி போட்டார்கள். 2014இல் அந்த வேலியில் மின்னல் விழுந்தது. திருத்த ஆள் இல்லை. யானைகள் உள்ளே வந்து சோற்றுப் பொதியை பொலித்தீனோடு தின்னப் பழகின. 2022 ஜனவரியில் இன்னும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது உலகப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன: எட்டு ஆண்டில் சுமார் இருபது யானைகள். வேலியை உடைக்க மின்னலுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அதைக் கட்ட எங்கள் நிர்வாகத்துக்கு எட்டு ஆண்டு போதவில்லை. தலதா பெரஹராவில் யானைக்குப் பட்டு போர்த்தி ஊர்வலம் விடும் நாடு இது. செத்த யானையின் வயிற்றில் மிருக வைத்தியர்கள் கண்டது பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான்.

யானைக்கு வாக்கில்லை. வாக்குள்ள மனிதருக்கு என்ன நடந்தது? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமலை வீடுகள்மேல் சரிந்து 32 பேர் செத்தார்கள். ஒரு வாரம் கழியுமுன் அரசாங்கம் பாய்ந்து செயற்பட்டது. குப்பையகற்றலை அத்தியாவசிய சேவையாக்கி வர்த்தமானி வந்தது. அதற்குக் குறுக்கே நிற்பவரைப் பிடியாணை இல்லாமலே கைதுசெய்யலாம். கவனியுங்கள்: மலையை வளர்த்தவரைக் கைதுசெய்ய அல்ல. உன் மலையை என் ஊருக்குக் கொண்டுவராதே என்று வீதியில் நிற்கப்போகும் அடுத்த ஊர்க்காரனைக் கைதுசெய்ய.

அதே ஆண்டுதான் பிரித்தானியாவிலிருந்து கொள்கலன்கள் வரத் தொடங்கின. மீள்சுழற்சிக்கென்று பழைய மெத்தையும் கம்பளமும் என்ற பெயரில் வந்தவை. திறந்து பார்த்தால் வைத்தியசாலைக் கழிவும் கலந்திருந்தது. மொத்தம் 263 கொள்கலன்கள். சுற்றாடல் நீதி நிலையம் வழக்குப் போட்டது, மேன்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பு என்றது, கடைசித் தொகுதி 2022இல் கப்பல் ஏறியது. நாங்கள் ஒன்றும் உலகத்தின் குப்பைத்தொட்டி அல்ல என்று அமைச்சர்கள் நெஞ்சு நிமிர்த்தினார்கள். சரிதான். வல்லரசின் குப்பையை அதன் வாசலுக்கே திருப்பி அனுப்பிய நாட்டை மெச்சத்தான் வேண்டும். கொடுவாமடுக்காரன் யாருக்குத் திருப்பி அனுப்புவான்? எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவான்? லண்டன் குப்பை கொழும்புக்கு வந்தால் அது இறைமைப் பிரச்சினை. பட்டணத்துக் குப்பை பட்டிக்காட்டுக்கு வந்தால் அது முகாமைத்துவம்.

கொள்கைக்கு இங்கே பஞ்சமே வந்ததில்லை. 1999இல் தேசிய மூலோபாயம், 2007இல் தேசியக் கொள்கை, 2008இல் பிலிசரு கழிவு முகாமைத்துவத் திட்டம், பிறகு இன்னொரு தேசியக் கொள்கை. தடைகளோ அதைவிட அதிகம். 2007 ஜனவரி முதலாம் திகதி 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடை. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட் தடை. 2021இல் அதே லன்ச் ஷீட் மறுபடி தடை. செத்தவனை இரண்டாம் தடவை தூக்கிலிடுவது நீதிபரிபாலனத்தில் புதுமை. முதல் தடவை செத்திருந்தால் அது தேவைப்பட்டிராது. இரண்டாம் தடவையும் மறுநாள் காலை எழுந்துவந்து புட்டையும் சம்பலையும் சுற்றிக்கொண்டது. 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. இடியப்பத் தட்டு! பிரம்பால் பின்னிய தட்டில் அவித்துத் தின்ற சனத்துக்குப் பிளாஸ்டிக் தட்டை இறக்குமதி செய்யவும் விற்கவும் விட்டுவிட்டு, அது ஒவ்வொரு குசினியிலும் குடியேறிய பிறகு தடைசெய்தார்கள். 2025 நவம்பரிலிருந்து கடையில் பை இலவசமில்லை. காசு கொடுத்தால் உண்டு. வாவியின் அடியில் போய்ப் படிந்ததும் காசு கொடுத்த பைக்கு மரியாதை கூடும் என்று நினைத்திருக்கலாம்.

இந்தத் தடைகளை நிறைவேற்ற வேண்டியவை உள்ளூராட்சிச் சபைகள். அவற்றில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 2023 மார்ச்சில் ஆயுள் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்று அரசு தள்ளிவைத்தது. 2025 மே 6 வரை ஈராண்டுக்கு மேல் அநேகமாக எல்லாச் சபைகளும் தெரிவுசெய்யப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் கிடந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் குப்பை அள்ளுவதில் யாரும் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை என்பது சபைகளைப் பற்றி எழுதக்கூடிய ஆகக் கொடிய விமர்சனம்.

வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கோழி கூவமுன் உழவு இயந்திரப் பெட்டியில் தொங்கிக்கொண்டு வருகிற சுகாதாரத் தொழிலாளர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தெருக் கூட்டவும் மலவாளி தூக்கவும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இலங்கை நகரங்களின் ஓரத்தில் குடிவைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தப் பெட்டியில்தான் நிற்கிறார்கள். வாளி போய்விட்டது, சாதி போகவில்லை. அமைய அடிப்படை என்று சேர்த்து, நிரந்தரம் நாளை நாளை என்று தலை நரைக்கும்வரை இழுத்தடிப்போம். உடைந்த போத்தலும் ஊசியும் கிடக்கும் பையை வெறுங்கையால் பிரிக்கச் சொல்வோம். கையுறைக்கு ஒதுக்கீடு இல்லை. ஆனால் திண்மக்கழிவு முகாமைத்துவச் செயலமர்வுக்கு மண்டபமும் மதியச் சாப்பாடும் உண்டு. அந்தத் தொழிலாளி கேட்டில் தண்ணீர் கேட்டால் தனிக் கோப்பை எடுக்கும் வீடுகளும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அந்த வீடுகளில் சாதியா, அது அந்தக் காலம் என்பார்கள்.

நரி-பரிக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வைகை பெருகியது; கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றான் அரசன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமக்க வந்த கூலியாளை அவன் பிரம்பால் அடித்தான். அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. எங்கள் கூலியாளுக்கு விழும் அடி யார் முதுகிலும் விழுவதில்லை. அதனால்தான் இத்தனை காலம் அடிக்க முடிகிறது.

சபையை மட்டும் திட்டிவிட்டுப் போனால் வாசிக்கிறவருக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைத் தருவதாக இல்லை. இரவு ஒன்பதுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் கைபிடியில் முடிச்சுப் போட்ட பையோடு வலையிறவுப் பாலத்துக்குப் போகிறவர் சபை உறுப்பினர் இல்லை. ஜப்பான் உதவியோடு மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே நோயாளியும் பிள்ளைகளும் தோணிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று மகிழ்ந்தோம். அதில் நின்று பையை எறியவும் வெகு விரைவில் கற்றுக்கொண்டோம். பம்பர்ஸை எரித்தால் பிள்ளைக்குச் சூடு பிடிக்கும் என்று பயந்து வாவியில் விடுகிற தாய்மார் உண்டு. அந்த வாவியின் மீன்குழம்பைத்தான் பிள்ளைக்கு ஊட்டுகிறோம் என்ற பயம் ஏனோ வருவதில்லை. பிரித்துத் தாருங்கள் என்று சபை இரண்டு வாளி கொடுத்தால் ஒன்றில் அரிசி, மற்றதில் தண்ணீர்.

ஆனாலும் பிரித்துக் கொடுத்தவனின் இரண்டு பைகளையும் அவன் கண்முன்னாலேயே ஒரே பெட்டியில் கொட்டினால் மூன்றாம் வாரம் அவனும் பிரிக்கமாட்டான். அந்தப் பிழை அவனுடையது அல்ல. சனத்துக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடையில் சொல்வோருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். சனம் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டியில் எப்படி விழுகிறது என்று பார்க்கிறது.

வாசகரிடம் ஒரு வேலை கேட்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். உங்கள் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். போன மாதம் எத்தனை தொன் அள்ளினீர்கள், எத்தனை தொன் பிரித்தீர்கள், மிச்சம் எந்த ஊரில் யாருடைய வேலிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, கையுறைக்கும் சப்பாத்துக்கும் செலவான தொகை எவ்வளவு, அமைய ஊழியர் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக? உங்கள் சொத்து எங்கே என்று ஒரு சொத்துக்காரனிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்லவேண்டும். கடிதத்தைக் கொடுத்ததற்குக் கையெழுத்தோடு பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.