விளையாட்டுக்குச் சொல்லவில்லை

உடலை உணர்ந்து, குழந்தைபோல் விளையாடி, அசைவின் வழியே தன்னை அறியும் பயிற்சி பெரியவர்களிடையே பரவுகிறது. மனமார வரவேற்கிறேன். காலை வீசி நடப்பதற்கும் கட்டணம் உண்டென்றால்தான் நம்மவர்கள் நடப்பார்கள்.

இதற்குச் செஞ்சிக்கோட்டையைவிடத் தோதான இடம் ஏது? அங்குள்ள ராஜகிரி மலை சுமார் 800 அடி. பாதிப் படியிலேயே மூச்சு தானாகக் கவனத்துக்கு வந்துவிடும்; ஆசான் நினைவூட்ட வேண்டாம். பொறுமைக்கும் முன்னுதாரணம் உண்டு. முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை கைக்கு வந்தது 1698இல். நடுவில் வந்தவாசிக்குப் போய் இளைப்பாறியதும் உண்டு. அத்தனை நீண்ட முகாம், சான்றிதழ்கூடக் கிடையாது! உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமோ அசைவின் அருமையை உரிய நேரத்தில் உணர்ந்து வேலூர்ப் பக்கம் நழுவிவிட்டார்.

விளையாட்டுணர்வுக்குக் கோட்டைக் குரங்குகள் பொறுப்பு. கையில் என்ன பை இருக்கிறது என்ற விழிப்பை ஒரே பாடத்தில் ஊட்டிவிடும். சம்பளம் வாழைப்பழம்.

பெரியவர்கள் இதைக் காசு கொடுத்துக் கற்பதில் தவறில்லை. பள்ளியில் அவர்களுடைய பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டார். இன்றும் வாங்குகிறார்கள், தொலைநோக்குத்தான். இன்றைய பிள்ளைகளை ஓடியாட விட்டால், இருபது ஆண்டு கழித்து இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்ட யார் வருவார்கள்? ஆகவே பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் மிச்சமிருக்கும் அந்த ஒரு பீரியடையும் கணக்குக்கே கொடுத்துவிடுங்கள்.