காட்சி கெடக்கட்டும், கட்டில் எத்தனை?

ஏங்கண்ணு, லீவுக்கு ஊட்டிக்குப் பொறப்படறீங்களாமா? அப்பத்தா, அம்மாயி, பெரியப்பன், சித்தி, பொடுசுக எல்லாஞ் சேத்துப் பதினாலு உருப்படின்னு உங்காத்தா சொன்னா. நெம்ப சந்தோசம். ரிசார்ட்டுங்கூடப் பாத்து வச்சுட்டியாமா? எங்க, அந்தப் போனைக் காட்டு.

அடேங்கப்பா! பேரே மூணு வரி வருது. மிஸ்ட்டு, வேலி, கிளவுடு, ஹெவன்னு நாலு வார்த்தையைக் குலுக்கிப் போட்டா ஒரு ரிசார்ட்டு முளைச்சிருமாட்ட இருக்குது. படம் இருவது போட்டிருக்கான். மேகம் ஒண்ணு. ஊஞ்சல் ஒண்ணு. பால்கனிக் கம்பி மேல ஆவி பறக்கற டீ கிளாசு ஒண்ணு. இதென்ன, கட்டில் மேல துண்டை முறுக்கி ரெண்டு அன்னப்பறவை செஞ்சு வச்சிருக்கான்? நல்லாத்தான் இருக்குது. ஆனா இருவது படத்துலயும் இந்த ஒரே கட்டிலுதான் தட்டுப்படுது. அதையும் அன்னப்பறவை புடிச்சுக்கிச்சு. நீங்க பதினாலு பேரும் எங்க படுக்கறது சாமி?

"மூணு பெட்ரூம் தாத்தா, பதினாலு பேரு தங்கலாம்னு போட்டிருக்கு"ங்கறே. போட்டிருக்கும். போடறதுக்குக் காசா பணமா? நான் மேட்டுப்பாளையம் மண்டியில உருளைக்கெழங்கு மூட்டை எண்ணியே காலத்தை ஓட்டுனவன். லாரிக்காரன் சொல்ற கணக்கை நம்பி ஒரு நாளும் சீட்டு எழுதுனதில்லை. எறக்கி எண்ணுவேன், பொறகுதான் எழுதுவேன். நீயும் எறக்கி எண்ணு. மூணு ரூமு, ரூமுக்கு ஒரு கட்டிலு. கிங் சைசுன்னா அகலம் ஆறடி. குயின் சைசுன்னா அஞ்சடி. ஆறடியில ரெண்டு பேரு காலை நீட்டிப் படுக்கலாம். குழந்தை ஒண்ணை நடுவுல போட்டுக்கலாம். நாலு பேருன்னா ஆளுக்கு ஒன்னரை அடி. ஒன்னரை அடியில உங்க பெரியப்பனைப் படுக்க வச்சுப் பாரேன்!

மூணு கட்டிலுக்கு ஆறு பேரு. ஹால்ல கெடக்கற சோபாவை இழுத்தா கட்டிலாகுமாம், அதுல ரெண்டு. ஆச்சு எட்டு. மிச்சம் ஆறு பேரு? எக்ஸ்ட்ரா பெட்டுங்கறான். அதைக் கட்டில்னு நெனச்சுக்கிட்டியா? மசையா, பல எடத்துல அது மூணு இஞ்சு மெத்தை. தரையில விரிச்சுட்டுப் போயிருவான். இருக்க எடங் குடுத்தா படுக்கப் பாய் கேப்பான்னு நம்ம பெரியவுக சொல்லி வச்சாங்க. இந்தக் காலத்துல இருக்க எடத்துக்கு ஒரு வாடகை, படுக்கப் பாய்க்குத் தனி வாடகை. பழமொழியவே யாவாரமாக்கிட்டான், கெட்டிக்காரன்!

"நம்மூருல தரையில படுக்கறதில்லையா"ம்பே. படுக்கறோம். காரமடைத் தேருக்கு ஒறம்பரை வந்தா ஆசாரத்துல பவானி சமுக்காளத்தை விரிச்சு நாப்பது பேரு கெடப்போம். தரை குளுகுளுன்னு இருந்தாத்தான் நமக்குத் தூக்கமே வரும். அது காரமடை கண்ணு. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டர்ல இருக்குது. மே மாசத்துலயே ராத்திரி பன்னெண்டு டிகிரி பக்கம் வந்துரும். மார்கழி, தையின்னா புல்லு மேல உறைபனி பூத்துக் கெடக்கும். அந்தத் தரைக்கு டைல்ஸ் வேற ஒட்டி வச்சிருக்கான், பாக்க அழகா இருக்கட்டும்னு. மூணு இஞ்சு மெத்தை எந்த மூலைக்கு? ரெண்டு மணிக்கு உங்க சித்தி எந்திரிச்சு உக்காந்து, யாருடா ஊட்டிக்குப் போலாம்னு சொன்னதுன்னு கேப்பா. அப்போ யாரைக் காட்டுவே?

அந்த மலையிலயே பொறந்து வளந்தவுகளைப் பாரு. பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல்பக்கம் தோடர் சனத்தோட குடியிருப்பு, மந்துங்கறது, இருக்குது. அவுக பழைய காலத்து வீடு அரை வட்டமா வளைச்சுக் கட்டுனது. வாசலு மூணடி உசரங்கூட இருக்காது, தவந்துதான் உள்ள போகோணும். குளுரு உள்ள வரக்கூடாதுன்னுதான் அம்புட்டுச் சின்னதா வச்சாங்க. உள்ள போனா, படுக்கறதுக்கு ரெண்டடி உசரத்துல மண் திண்ணை மெழுகியிருக்கும். அக்கட்டால அடுப்பு. காலங்காலமா அந்தக் குளுருல வாழற சனம் வெறுந்தரையில தலை சாய்க்கலை, திண்ணை போட்டுத்தான் படுத்துது. நீ மாசச் சம்பளத்துல பாதியைக் குடுத்துட்டுத் தரையில படுக்கப் போறே.

வெள்ளைக்காரனும் படுக்க எடத்தைத்தான் மொதல்ல பாத்தான். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல மலையேறுனான். மொதல்ல கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்குல ஒரு பங்களா. அப்பறம் 1822-ல ஊட்டியில கல் வீடு கட்ட ஆரம்பிச்சான். ஏரிக்கு அணை போட்டதெல்லாம் அதுக்கும் பொறகுதான். ஊட்டியையே உண்டாக்குனவனுக்கு மொதல்ல கூரை, பொறகுதான் லேக் வியூ. நீ லேக் வியூவைப் பாத்து முன்பணம் கட்டிட்டு, கூரைக்குக் கீழ எத்தனை பேருக்கு எடம்னு மலையேறுன பொறகு எண்ணலாம்ங்கறே.

எஸ்டேட் பங்களா எடுக்கலாமான்னு உங்க மச்சான் கேக்கறானாமா? குன்னூருப் பக்கம், தேயிலைக்கு நடுவுல, கணப்படுப்பு வச்ச பழைய பங்களா. படத்துல மைதானமாட்டத் தெரியும். அது ஒரு துரைக்கும் ஒரு துரைசானிக்கும் கட்டுனது கண்ணு. சாப்பிட ஒரு ரூமு, பேப்பர் படிக்க ஒரு ரூமு, சீட்டாட ஒரு ரூமுன்னு விரிஞ்சு கெடக்கும். படுக்கறதுக்கு ரெண்டோ மூணோதான். அதே தோட்டத்துல கொஞ்சம் கீழ எறங்கிப் பாரு. லைன் வீடு நிக்கும். ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. அதுக்குள்ள கொழந்தை குட்டியோட ஆறேழு சீவன் காலத்தை ஓட்டியிருக்குது. எத்தனை பேருக்கு எத்தனை எடம்னு அவுகளைக் கேட்டா ரிசார்ட்டுக்காரனை விடச் சரியாச் சொல்லுவாங்க.

சரி, படுத்தாச்சுன்னே வச்சுக்குவோம். விடிஞ்சு குளிக்கோணுமில்ல? கட்டிலைக்கூட எண்ணிருவானுக, சுடுதண்ணியை எவனும் எண்ண மாட்டான். பாத்ரூமுல தொங்குதே கீசரு, பெரும்பாலும் பதினஞ்சு லிட்டரு. நல்லாக் காஞ்ச தண்ணியோட பச்சத்தண்ணி கலந்தா ஒன்னரை பக்கெட்டு தேறும். தீந்துச்சுன்னா மறுக்காக் காய அரை மணி நேரம். ரெண்டு பாத்ரூம்னா பாத்ரூமுக்கு ஏழு பேரு. ஆளுக்கு ஒரு பக்கெட்டு வச்சாலும் கணக்குப் போடு. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா கடைசி ஆளு நனையறதுக்கு எட்டரை, ஒம்போது ஆயிரும். அதுவும் எவனும் பாட்டுப் பாடிக்கிட்டு ரெண்டாவது பக்கெட்டு ஊத்தாம இருந்தா! காட்டேஜுக்குக் காட்டேஜு ஜக்குஸி இருக்குன்னு படம் போட்டிருக்கான் பாரு. அந்தத் தொட்டியை ரொப்பறதுக்கு எத்தனை கீசர் காயோணும்னு ஒரு போன் போட்டுக் கேளேன். அக்கட்டால சித்த நேரம் சத்தமே வராது.

கம்பளியும் அப்படித்தான். கட்டிலுக்கு ஒண்ணுதான் வச்சிருப்பான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கேட்டா ரிசப்சன்ல ஆளிருக்காது. ரூம் ஹீட்டருக்குத் தனிக் காசு. இதுல மட்டும் வெளையாட்டு வேண்டாம் சாமி: குளுருதுன்னு முத்தத்துல எரிஞ்ச கரியடுப்பைத் தூக்கி ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திராதீங்க. அந்தப் புகைக்கு வாசமுங் கெடையாது, நெறமுங் கெடையாது. அப்படித் தூங்குனவுக காலையில எந்திரிக்காமப் போன கதை மலையூர்கள்ல உண்டு. வீட்டுலருந்தே கம்பளி கட்டிக்கோ. டிக்கியில டிரோனுக்கு எடமிருந்தா கம்பளிக்கும் எடமிருக்கும்.

பொறகு இந்த "ஊட்டி"ங்கறாங்களே, அதையும் பாத்துக்கோ. படத்துக்குக் கீழ ஊட்டின்னு இருக்கும். போய்ச் சேந்தா அது கோத்தகிரியில இருக்கும், இல்லாட்டி மஞ்சூர்ல. மசினகுடியா இருந்தா மலையை விட்டே கீழ எறங்கோணும். அங்க குளுரும் இல்லை, ஊட்டியும் இல்லை. அங்க எடுக்கறதா இருந்தா லைசென்சு இருக்கான்னு கண்டிப்பாக் கேளு. யானை வழித்தடத்துல கட்டுன ரிசார்ட்டுகளைச் சீல் வைக்கச் சொல்லி 2018-ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டுது. 2020 அக்டோபர்ல, வழித்தடம் வழித்தடந்தான்னு தீர்ப்பே குடுத்துருச்சு. யானை நடக்கற எடத்துல உனக்குக் கட்டில் போட்டிருந்தான். யானைக்குக் கோவம் வந்துச்சோ இல்லையோ, கோர்ட்டுக்கு வந்துருச்சு.

காசு கணக்குல ஒரு சூட்சுமம் இருக்குது, காதைக் குடு. ஒரே வில்லாவா எடுத்தாத்தான் ஒண்ணா இருக்கலாம், அதுதான் கௌரவம்ங்கறே. நாளைக்கு 20,000 ரூபாய் வாடகைன்னு வையி. 7,500-க்கு மேல போனா ஜிஎஸ்டி 18 விழுக்காடு. வரியே 3,600 ஆச்சு. அதே காசுக்கு 5,000 ரூபாய் ரூமு நாலு எடு. 2025 செப்டம்பர் 22-லருந்து 7,500 வரைக்கும் இருக்கற ரூமுக்கு வரி 5 விழுக்காடுதான். நாலுக்குஞ் சேத்து ஆயிரம். கட்டிலு நாலு, பாத்ரூம் நாலு, கீசரும் நாலு. பதினாலு பேருக்குக் கட்டில் அப்பவும் பத்தாதுதான், ஆனா குளிக்கற வரிசை பாதியாக் கொறையும். சார்ஜு போடறதுக்குப் பிளக்கு பாயிண்டும் எச்சாக் கெடைக்கும். ஒண்ணா இருக்கோணும்னா சாயங்காலம் ஒரு ரூமுல கூடி உக்காந்து வர்க்கியைக் கடிச்சுக்கிட்டுப் பேசு. வேண்டாம்னு ஆரு சொன்னா? தூங்கறப்போ எல்லாருங் கண்ணை மூடிக்கத்தானே போறீங்க. அப்போ ஒண்ணா இருந்தா என்ன, அடுத்த ரூமுல இருந்தா என்ன? உங்க பெரியப்பன் கொறட்டைக்கு நடுவுல ஒரு செவுரு இருக்கறது குடும்ப ஒத்துமைக்கே நல்லது.

நான் இத்தனை பேசறது இதுக்குத்தான்: கட்டில் பத்தாமப் போனா ஆரு தரைக்கு எறங்குவாங்கன்னு நீ நெனைக்கிறே? ரூமு போட்டவன் எறங்க மாட்டான். அவனுக்கு அலுப்பு. மருமகன் எறங்க மாட்டாரு, எறங்கவும் விட மாட்டீங்க. பொடுசுக கட்டில்ல குறுக்காப் படுத்து நாலு பேரு எடத்தைப் புடிச்சுக்கும். கடைசியில உங்க சித்தி, உங்காத்தா, அப்பத்தா. "எனக்கென்ன கண்ணு, நான் ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்"னு அப்பத்தா சொல்லுவா. அவ அப்படித்தான் சொல்லுவா, அறுவது வருசமா அப்படியே சொல்லிக்கிட்டிருக்கறா. அதை நெசம்னு நம்பிராதே. முழங்காலு வீங்கிப் போன பொம்பளை தரையில படுத்தா, ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போறதுக்குச் செவுத்தைப் புடிச்சு எந்திரிக்கோணும். அதனால மொதக் கட்டிலு அவளுக்கு. பாத்ரூமுக்குப் பக்கத்துல இருக்கற ரூமு, அதுல கீழ்த்தளம். பங்க் பெட்டுல மேல ஏறுன்னு சொல்லி வச்சே, அங்கயே உக்காந்து ஒப்பாரி வச்சிருவா. அவளுக்குப் போட்டுட்டு வயசுல மேல இருந்து கீழ வா. மிச்சமாற ஆளு தரையில படுக்கட்டும், அது இளவட்டமா இருக்கட்டும். உனக்கு இருவத்தஞ்சு வயசுதானே? ஜிம்முக்கெல்லாம் போறயாமே?

ஆமா, உங்காத்தா பதினாலுன்னு சொன்னாளே, அதுல என்னைச் சேத்துனாளா? சேத்தியிருக்க மாட்டா. நானும் வாரேன். பதினஞ்சுன்னு எழுதிக்கோ.

அந்தப் போனை இப்பிடிக் குடு. மேகத்தைப் பெருசு பண்ணிப் பாத்தது போதும். ரிசார்ட்டு நம்பருக்குப் போட்டுக் கேளு. கட்டில் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை அடி? எக்ஸ்ட்ரா பெட்டுன்னா காலு வச்ச கட்டிலா, தரையில விரிக்கற மெத்தையா? பாத்ரூம் எத்தனை, கீசர் எத்தனை லிட்டரு? கம்பளி ஆளுக்கொண்ணு வருமா? படி எத்தனை ஏறோணும்? அவன் சொல்றதை வாட்ஸாப்புல எழுதி அனுப்பச் சொல்லு. கட்டில் படத்தையுங் கேளு, அன்னப்பறவையை எடுத்துட்டு. "வாங்க சார், பாத்துக்கலாம்"னு சொன்னான்னா அங்க போகாதே. பாத்துக்கலாம்னா கட்டில் இல்லைன்னு அர்த்தம்.

அதை முடிச்ச கையோட ஈ-பாசைப் போட்டுரு. ஐகோர்ட்டு உத்தரவுல 2024 மே 7-லருந்து நீலகிரிக்கு ஈ-பாசு இல்லாம ஏற முடியாது. நம்ம கோயமுத்தூர் நம்பர் வண்டிக்கும் வேணும். அங்கத்து டிஎன் 43 வண்டிக்குத்தான் வேண்டாம். எத்தனை பேரு, எங்க தங்கறீங்கன்னு அந்தப் பாரத்துலயே கேக்கறான், பதினஞ்சுன்னே போடு. 2025 சீசன்ல சாதா நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு வரம்பு கட்டிட்டாங்க. செவ்வாக்கெழமை ஏறுனா ரூமு வாடகையுங் கொறையும், பாசுஞ் சுளுவாக் கெடைக்கும். சனிக்கெழமைதான் போவேன்னு அடம் புடிச்சீன்னா, கல்லாறுலருந்து குன்னூரு வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்து தூங்க வேண்டியதுதான்.