அம்பத்தூர் எஸ்டேட்டில் லத்தீன்: ஒரு முன்னாய்வு

சிறுதொழிலுக்கு வேண்டியது வெப்சைட் பில்டரா, டிசைனரா என்னும் வினாவில் அறிஞர் இருசாரார் ஆவர். எஸ்டேட் பக்கமே வந்ததில்லை என்பது இருசாரார்க்கும் பொது.

தளம் அமைப்போர் மூவகையினர்:

ஒன்று, பில்டரில் தாமே இழுத்து ஒட்டுவோர். ஷட்டர் இறக்கியபின் தோன்றுவர்.

இரண்டு, டிசைனரை அமர்த்துவோர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அவரைத் தேடுவோர் இதன் உட்பிரிவு.

மூன்று, மச்சான் மகனிடம் விடுவோர். டொமைன் அவன் பெயரில்; அவன் பெங்களூரில்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு வந்த இலவசத் தளத்தை நம்பிய நான்காம் வகையினர், 2024 மார்ச்சில் அது மூடப்பட்டதும் வழக்கொழிந்தனர்.

டெம்ப்ளேட் இயல் வருமாறு. 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அது கைகூடியது டெம்ப்ளேட்டில்தான். பூந்தமல்லிக் கல்யாண மண்டபம், ஆவடி டியூஷன் சென்டர், அம்பத்தூர் லேத் பட்டறை மூன்றுக்கும் ஒரே முகப்பு. மூன்றிலும் ஹெட்செட் மாட்டிய அதே வெள்ளைக்காரப் பெண்மணி சிரிக்கிறார்.

இனித் தலைமைச் சான்று. மேற்படி பட்டறைத் தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ‘லோரம் இப்சம்’ எனத் தொடங்கும் லத்தீன் பத்தி கிடைத்துள்ளது. அடியில், ‘ஜாப் ஒர்க் எடுக்கப்படும்’. கி.மு. 45இல் சிசரோ எழுதிய நூலைச் சிதைத்துச் செய்த நிரப்பு உரை இது. 1960களில் லெட்ராசெட் எழுத்துத் தாள்கள் வழியே பரவியது. இவையெல்லாம் தெரிந்த செய்திகள்; தெரிந்ததோடு நின்றால் ஆய்வாகாது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டி ரோமானிய வணிகத்துக்குக் காட்டிய சான்றுகளில் பெரும்பாலானவை பானை ஓடுகள். இங்கோ ஒரு முழுப் பத்தி! ஆகவே ரோமானியர் கொரட்டூர் வழியே வந்து புஷ்ஷும் ஷாஃப்டும் ஆர்டர் கொடுத்தனர் என உய்த்துணரலாம் (ஒப்பிடுக: டீக்கடை வாய்மொழி மரபு, இரண்டாம் பெஞ்ச், பாடபேதம்: அதே பெஞ்ச், மழைநாள், கரண்ட் போனபின், மறுப்பு: டீ மாஸ்டர், கடன் நோட்டின் பின்னட்டை, எண்ணெய்க் கறைக்குக் கீழ், படிக்க முடிந்த அளவு). எஸ்டேட்டே 1960களில்தானே வந்தது என்பார்க்கு விடை: காலக்கணக்கு நம் முடிவுக்கு ஒத்துழைக்காததால் கைவிடப்பட்டது. இந்நெறிக்கு முன்னோடிகள் பலர். சிலர் துறைத்தலைவராக இருக்கின்றனர்.

பக்கம் நிரம்ப வேண்டும், எவரும் படிக்கக் கூடாது என்னும் நிரப்பு உரை இலக்கணம் முனைவர் பட்ட ஏடுகளுக்கும் பொருந்துமாயினும், அது தனி ஆய்வுக்குரியது.

லத்தீன் வந்த வழி வாட்ஸ்அப்பில் பதிவாகியுள்ளது. டிசைனர்: “சார், கன்டென்ட் அனுப்புங்க.” ஓனர்: “நீயே ஏதாவது போட்டுக்கப்பா.” டிசைனர் போட்டுக்கொண்டார்.

முடிபு: முகவரி, மேப், மெஷின் பட்டியல் போதுமென்றால் பில்டரே போதும். தளத்திலேயே ஆர்டரும் பணமும் வாங்க வேண்டுமென்றால் டிசைனரை நாடலாம். டொமைன் மட்டும் ஓனர் பெயரில் இருக்கட்டும். என்ன கடைவீர்கள், எந்த நீளம் வரை, எத்தனை நாளில் என்ற மூன்று வரியை எவ்வழியிலும் ஓனர்தான் எழுதியாக வேண்டும். ஃபோன் நம்பரில் பத்து இலக்கமும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேற்படி தளத்தில் ஒன்பதுதான்.