பிறந்தநாளுக்கு நாற்பது பிள்ளைகள்

செல்ல மகனுக்கு முதல் பிறந்தநாளா? வாழ்த்துகள். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. புண்ணியம் ஒன்றுதான் பாக்கி. குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு போன் போடுங்கள். பிரியாணிக்கு ஒரு ரேட்டு, சாம்பார் சாதத்துக்கு ஒரு ரேட்டு. இலையில் சோறு விழுமுன் நாற்பது பிள்ளைகள் பசியோடு கண்ணை மூடி, முன்பின் பார்த்திராத உங்கள் குலக்கொழுந்து நூறாண்டு வாழப் பிரார்த்திப்பார்கள்.

அப்புறம் போட்டோ. இல்லத்துப் பிள்ளையின் முகத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. அதனாலென்ன, வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிடுமே!

அந்த நாற்பதில் பலருக்கு அம்மா உயிரோடு இருக்கிறாள். வளர்க்கத்தான் வக்கில்லை. இல்லத்தில் விடுவது கடைசி வழி என்று அதே சட்டம் சொல்கிறது. நமக்கு அதுதான் முதல் வழி. எல்லாப் பிள்ளையும் வீட்டிலேயே வளர்ந்துவிட்டால் நாம் எங்கே போய்க் கேக் வெட்டுவது?

வீட்டில் வைத்து வளர்க்க அரசு பணம் தராமலில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். தினம் 200 ரூபாய்க் கூலிக்கு 365 நாளும் முதுகொடியும் விதவை 73,000 சம்பாதித்துவிடுகிறாள். சீமாட்டிக்கு எதற்கு உதவித்தொகை? புருஷன் செத்திருந்தால் சான்றிதழ் உண்டு. ஓடிப்போனவனுக்கு அவன் பெண்டாட்டி எந்த ஆபீசில் வாங்குவாள்?

ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். எத்தனையோ ஊர்களில் அது பதிவேட்டில் கூடி, பதிவேட்டிலேயே கலைகிறது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்கக் கிழவியின் குடிசையைத் தப்பாமல் கண்டுபிடிக்கிற ஊருக்கு, அவள் பேரன் பள்ளிக்கூட நேரத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவுவது மட்டும் தெரிவதில்லை. கண்ணில் பட்டாலும், “எதாவது ஹோம்ல சேத்துவிடு ஆத்தா” என்று யோசனை சொல்லிவிட்டு டீயைக் குடித்துப் போகிறது.

அந்தத் தாய்க்கும் இந்தக் கிழவிக்கும் வேண்டியது உதவித்தொகைப் படிவம் நிரப்ப ஒருவர், தாலுகா ஆபீசுக்குக் கூட வர ஒருவர். அதில் மாலை இல்லை, மைக் இல்லை, உபயம் என்று பெயர் எழுத டியூப்லைட்டும் இல்லை. யார் வருவார்?

தாய் இருக்கிற பிள்ளையைத் துரத்திவிட்டு, துரத்திய இடத்துக்கே போய்ப் பந்தி போட்டால் பாவம் கழியாது ஐயா. முதலில் அந்தப் படிவத்தை நிரப்பு. கையெழுத்து விழும்வரை அவளோடு வரிசையில் நில். புண்ணியத்தை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.